தேனீச் சத்தமும் வண்ணாத்திவில்லுத் தனியனும்

வானொலி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு ஒரு மணித்தியாலம் பேசிவிட்டுப் போகும்படி கேட்டார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் எப்படி உட்காருவது, மூச்சை எங்கே விடுவது என்பதையெல்லாம் ஒலிப்பதிவு அறையில் இருக்கும் ஜூட் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் ஒரேயொரு நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து நிமிட நிகழ்ச்சிதான். அது ஒலிபரப்பாகி மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் உள்ளங்கை வேர்க்கிறது.

இந்த வானொலியில் அறிவியல் பகுதியைச் செய்பவர்களுக்கு ஒரு காலமும் பயம் இருந்ததில்லை. அரசியல்வாதி ஒருவரின் பெயரைப் பிழையாக வாசித்தால் மறுநாள் சட்டத்தரணியின் கடிதம் வரும். இறால் விலையைப் பிழையாகச் சொன்னால் முந்தலில் இருந்து வரிசையாக அழைப்பு வரும். ஆனால், பின்னால் நல்ல இரை கிடைக்கும் என்று தெரிந்தால் கணவாய் மீன் முன்னால் இருக்கும் இரையைத் தொடாமல் காத்திருக்கிறது என்று நான் சொன்னால் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? ஒரு வகை வண்டுத்தேனீ எந்த லாபமும் இல்லாமல் சின்னப் பந்தை உருட்டி விளையாடுகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகளுக்குச் சொல்வார்கள், மறந்துவிடுவார்கள். எங்கள் பகுதியால் யாருக்கும் கெடுதல் வராது என்று நான் நம்பினேன். பல வருடம் அப்படி நம்பியே வேலை செய்தேன்.

யானையும் தேனீயும் பற்றிய விஷயம் ஆபிரிக்காவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது அவ்வளவு புதியதும் அல்ல. மறைத்து வைத்த ஒரு ஸ்பீக்கரில் இருந்து கலைந்த தேனீக்களின் இரைச்சலைப் போட்டபோது, நிழலில் நின்ற யானைக் கூட்டங்கள் பெரும்பாலும் இடத்தை விட்டு விலகிப் போயின. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு சின்னப் பூச்சி. பிறகு எங்கள் பக்கத்து யானைகளிடமும் இதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு வெளிநாட்டுச் செய்தித்தளத்தில் வாசித்தேன். புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லுப் பக்கம் யானை வராத மாதம் இல்லை. எங்கள் நேயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

அந்தச் செய்தியையும் ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் இருந்த சுருக்கத்தையும் வாசித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். கட்டுரை முழுவதையும் தரவிறக்கி வைத்திருந்தேன். திறக்கவில்லை.

ஒத்திகை பார்த்தபோது ஜூட் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கையை ஆட்டினார்.

"அக்கா, பன்னிரண்டு செக்கன் கூடிப்போச்சு. எங்கயாவது வெட்டுங்கோ."

பேனாவை எடுத்து வெட்டினேன். "பெரும்பாலான கூட்டங்கள்" என்பதில் "பெரும்பாலான" போயிற்று. "சத்தம் கேட்ட அந்த நேரத்துக்கு" என்பது போயிற்று. "ஆபிரிக்க யானைகளைப்போல நம் யானைகள் பதறி ஓடுவதில்லை, மெல்ல விலகுகின்றன" என்று ஒரு வசனம் இருந்தது. அது முழுவதும் போயிற்று. மிஞ்சியது இதுதான்: "தேனீயின் சத்தம் கேட்டால் யானை ஓடிவிடும்." அதன் பின்னால், முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்த நாற்பது விநாடியில் ஜூட் தேனீ இரைச்சலைச் சேர்த்தார். கேட்கும்போது எனக்கே காதுக்குப் பக்கத்தில் ஏதோ பறப்பது போல இருந்தது.

அன்றைக்கு வந்ததைப்போல அழைப்புகள் என் நிகழ்ச்சிக்கு வந்ததே இல்லை. கனமூலையில் இருந்து ஒருவர் மறுஒலிபரப்புக் கேட்டார். எழுவன்குளத்தில் இருந்து ஒருவர் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். யாரோ என் குரலையும் தேனீச் சத்தத்தையும் வெட்டி எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாளில் அது எனக்கே வந்து சேர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து நிஸ்தார் நானா தொலைபேசியில் எடுத்தார். அவர் வண்ணாத்திவில்லுக்கு அப்பால், காட்டு ஓரத்தில் கச்சான் கடலையும் கொஞ்சம் கஜு மரமும் பயிரிட்டிருக்கும் கமக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குரலில் அவ்வளவு சந்தோசம்.

"மிஸ், உங்கட தேனீ வேல செய்யிது! வேலில ஸ்பீக்கர் கட்டி, மோட்டார் சைக்கிள் பெட்டரி குடுத்து, ஃபோன்ல போட்டு விட்டன். தனியன் ஒருத்தன் வாறவன் மிஸ், கூட்டத்தில சேராத கொம்பன். ரெண்டு தரம் வந்தான். ரெண்டு தரமும் காத விரிச்சிட்டு நின்டு, மறுகா அப்படியே திரும்பிட்டான்."

"உண்மையாவா நானா?"

"அல்லாஹ் மேல ஆணையா. இப்ப மரத்துல இருந்த பரணையும் எறக்கிட்டன். எங்கட வீட்டுக்காரிக்கு முழங்கால் ஏலாது, அவ ஏணில ஏறப் படுற பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப ரெண்டு பேரும் கீழ கொட்டில்லதான். நல்லா நித்திர வருது."

அந்தக் கடைசி வரியில் நான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "உங்களோட ஒரு நேர்காணல் செய்யலாமா?" என்று கேட்டேன். அடுத்த நாள் காற்றலையில், பெயர் சொல்லாமல், வண்ணாத்திவில்லில் ஒரு கமக்காரர் இதில் வெற்றி கண்டிருக்கிறார் என்றும் அறிவித்தேன். முதல் பிழையாவது அவசரத்தில் நடந்தது. இது ஆற அமர யோசித்துச் செய்தது.

நேர்காணலுக்குக் கேள்வி தயாரிக்கத்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டுரையை முதல்முறையாக முழுவதும் திறந்தேன். சோற்றுப் பார்சல் மேசையில் இருந்தது. ஆறாவது பக்கமோ ஏழாவது பக்கமோ, ஆய்வு செய்தவர்களே தங்கள் முடிவைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். வெறும் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், பின்னால் தேனீக் கொட்டு எதுவும் வரவில்லை என்பதை யானை பழகிக்கொள்ளக்கூடும். ஆகவே சத்தத்தை மட்டும் காவலுக்கு நம்பக்கூடாது, உண்மையான தேன்கூடுகள் வேண்டும். ஆசிய யானைகளின் விலகல் இன்னும் மென்மையானது என்றும் இருந்தது.

அந்தப் பந்தியை நான் நாலு தரம் வாசித்தேன். மணி மூன்று பத்து.

நிஸ்தார் நானாவுக்கு எடுத்தேன். இணைப்பு இல்லை. மறுபடி எடுத்தேன். பிறகுதான் விளங்கியது: அவர் சத்தம் போடுவது அதே ஃபோனில். அழைப்பு வந்தால் தேனீ நின்றுவிடும் என்று பகலிலும் இணைப்பை நிறுத்தியே வைத்திருப்பார். என் நிகழ்ச்சியே அவரை என்னிடம் இருந்து துண்டித்து வைத்திருந்தது.

நிலையப் பொறுப்பாளரின் அறைக்குப் போனேன். ஐந்து மணிச் செய்திக்கு முன்னால் ஒரு நிமிடம் தாருங்கள், எச்சரிக்கை சொல்ல வேண்டும் என்றேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்கள் பதட்டத்தில இருக்கிறீங்கள். அவசரத்தில சொன்ன ஒரு விசயத்தைத் திருத்த, பதட்டத்தில இன்னொண்டைச் சொல்லக்கூடாது. ஆய்வு செய்த ஆக்களுக்கு எழுதிக் கேளுங்கோ. திங்கட்கிழமை ஒழுங்காச் செய்வம்."

"திங்கட்கிழமைக்கு இடையில மூண்டு பொழுது இருக்கு, ஐயா."

"ரெண்டு தரம் வேலை செய்ததெண்டு அந்த ஆளே சொல்லியிருக்கிறார்தானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். எனக்குத் தெரிந்தது "பழகிக்கொள்ளக்கூடும்" என்ற ஒரு சொல் மட்டுமே. அந்த யானை பழகிவிட்டது என்று எனக்குத் தெரியாது. சும்மா ஊரைப் பயப்படுத்துகிறேனோ என்ற எண்ணமும் வந்தது. ஆனால் ஒன்றை மட்டும் தராசில் போட்டுப் பார்த்தேன். நான் பதறியது வீண் என்றால் எனக்கு வெட்கம். நான் பேசாமல் இருந்தது பிழை என்றால் அந்த அம்மாவுக்கு ஏணி ஏற முடியாது, ஏறுவதற்குப் பரணும் இல்லை. இப்படியான நேரத்தில் எது சரி என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எந்தப் பிழையைத் தாங்கலாம் என்று மட்டும் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

வனஜீவராசிகள் காரியாலயத்துக்குச் சொன்னேன். அவர்களுடைய வாகனம் வேறு பக்கம் போயிருந்தது, வந்தவுடன் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஜூட்டுக்குச் சொந்தமாக ஒரு ஆட்டோ இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஆட்டோத் திறப்பை எடுத்தார்.

புத்தளத்தில் இருந்து வடக்கே போகும் அந்த வீதியில் நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அன்றைக்குப் போல அது நீண்டதில்லை. ஒவ்வொரு பத்து நிமிடமும் எண்ணை அழுத்தினேன். ஒவ்வொரு தரமும் அதே பெண் குரல் மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்டது. வண்ணாத்திவில்லுச் சந்தியில் ஒரு கடையில் வழி விசாரித்தோம். கடைக்காரர் சிங்களத்தில் ஜூட்டுக்கு வழி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, தமிழில், "தேனீ நோனா தானே?" என்று சிரித்தார். நான் ஆட்டோவுக்குள் ஏறிக்கொண்டேன்.

மணல் ஒழுங்கையின் முடிவில் ஆட்டோவை நிறுத்தியபோது வெயில் சரிந்திருந்தது. கஜு மரங்களுக்கு இடையில் மண்சுவர் வைத்த ஒரு கொட்டில். கிடுகுக் கூரை. உள்ளே கச்சான் மூடைகள். நிஸ்தார் நானா வேலிக்கரையில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஃபரீதா அடுப்படியில் ஒரு பலகையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இருவருக்கும் முகம் மலர்ந்தது. நேர்காணலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"பிளேன்டி ஊத்தட்டா மிஸ்?" என்று தேயிலை டின்னை எட்டி எடுத்தார் ஃபரீதா.

"வேணாம் அம்மா. நானா, இங்க வாங்கோ. நான் சொன்னது பிழை. சத்தத்தை மட்டும் நம்ப ஏலாது. கொட்டு இல்லையெண்டு அது கண்டுபிடிச்சிடும். இண்டைக்கு ரெண்டு பேரும் இங்க நிக்கவேண்டாம், எங்களோட வாங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு சின்னக் குழப்பம். பிறகு சிரித்தார்.

"என்ன மிஸ் இது? நீங்கதானே சொன்னீங்க."

"ஓம் நானா. பிழையாச் சொல்லிட்டன்."

"ரேடியோல சொன்னத விடுங்க. எங்கட கண்ணால பார்த்தமே. ரெண்டு தரம் போனானே. முந்தாநாளும் வந்து போனானே."

"முந்தாநாள் எவ்வளவு கிட்ட வந்தது?"

அவர் ஸ்பீக்கர் வயரைத் திருகினார். ஃபரீதாதான் சொன்னார்: "வேலியத் தாண்டி இஞ்சால வந்திட்டான் மிஸ், நேத்துத்தான் கம்ப மாத்தினம். கொஞ்ச நேரம் நின்டுதான் போனான்."

"அது ஒன்டும் இல்ல," என்றார் நிஸ்தார் நானா. "பெட்டரி கொறஞ்சி சத்தம் குறைவு."

நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவர் அனுபவத்தைப் பற்றிச் சொன்னார். நான் கெஞ்சினேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஜூட் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "ஃபரீதாக்காவை மட்டும் இப்ப ஆட்டோவில ஏத்துவம், மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றார். அந்த நேரத்தில் அங்கே இருந்த ஒரே புத்தியுள்ள மனிதர் அவர்தான். ஃபரீதா எழும்பவும் செய்தார்.

அப்போது நிஸ்தார் நானா சத்தத்தைப் போட்டார். வழமையான நேரம் வந்திருந்தது. நாற்பது விநாடி தேனீ, பிறகு என் குரல், பிறகு மறுபடியும் தேனீ. வெட்டிய கிளிப்பை அப்படியே சுற்றவிட்டிருந்தார். "தேனீயின் சத்தம் கேட்டால் யானை ஓடிவிடும்" என்று நான் காட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யானை எப்போது வந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. வீரை மரத்துக்குப் பக்கத்தில் இருந்த இருட்டு அசைந்தது. பிறகு அதற்குக் காது இருந்தது.

அது வேலிக்கு அப்பால் நின்றது. காதை விரித்தது. துதிக்கையைத் தூக்கி மணம் பிடித்தது. உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பந்தியை நாலு தரம் வாசித்தவள் நான். அதற்காகவே அவ்வளவு தூரம் ஓடி வந்தவள் நான். ஆனாலும் அது திரும்பும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். என் கால் அசையவில்லை. பயத்தால் மட்டும் அல்ல. என் குரல் சொல்கிறதே, இப்போது ஓடிவிடும் என்று மனதின் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது.

அது காதை மடக்கியது. ஒரு அடி வைத்தது. பிறகு இன்னொரு அடி. வேலிக்கம்பு சுள்ளி போல முறிந்தது. ஸ்பீக்கரை அது மிதிக்கக்கூட இல்லை, துதிக்கையால் ஒருபக்கம் தட்டிவிட்டது. ஸ்பீக்கர் மணலில் முகம் குப்புற விழுந்து, அடியில் இருந்து இரைந்துகொண்டே கிடந்தது.

"ஓடுங்கோ!" என்று ஜூட் என் கையைப் பிடித்து இழுத்தார். நிஸ்தார் நானா மனைவியை அணைத்துத் தூக்க, அவர் பாதி நடந்தும் பாதி இழுபட்டும் வந்தார். ஆட்டோவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் ஒரு கஜு மர வேரில் அவருடைய கால் சிக்கியது. விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "யா அல்லாஹ்" என்று ஒரேயொரு தரம்தான் கத்தினார்.

பின்னால் கொட்டிலின் சுவர் சரிந்தது. கிடுகு கிழியும் சத்தமும் மூடை வெடித்துக் கச்சான் கொட்டும் சத்தமும் கேட்டன. அது எங்களைத் தேடி வரவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. அதற்கு வேண்டியது உள்ளே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஃபரீதா உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அது நின்றுகொண்டிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து அவரை ஆட்டோவில் ஏற்றினோம். வழியில் வனஜீவராசி வாகனம் எதிரே வந்தது. அவர்கள் யானை விரட்டும் வெடியோடு உள்ளே போனார்கள். நாங்கள் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தொடை எலும்பு. அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

வார்ட்டுக்கு வெளியே இருந்த மர வாங்கில் நிஸ்தார் நானா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "நீங்க வராட்டி நாங்க ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான் இருந்திருப்பம் மிஸ். அல்லாஹ்தான் உங்கள அனுப்பினான்" என்றார். வந்த உறவினர் எல்லோரிடமும் அதையே சொன்னார். ஒரு கிழவர் என் தலையில் கை வைத்து துஆ செய்தார். அந்தச் சமயத்தில் அந்த வார்த்தைகள் எனக்குத் தேவையாக இருந்தன. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் பாணும் பருப்பும் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். அதே வாங்கு. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையை முழுவதும் வாசிக்காமல் பேசியதை. பன்னிரண்டு விநாடி அதிகம் என்பதற்காக எந்தெந்தச் சொல்லை வெட்டினேன் என்பதை.

"அந்தப் பன்னெண்டு செக்கன்ல மறுகா என்ன வந்திச்சி மிஸ்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை.

"நீங்க சொல்லாம விட்ட எடத்துல. ரேடியோல என்ன போட்டாங்க?"

"எங்கட நிகழ்ச்சியின்ர முடிவு இசை, நானா."

அவர் எழும்பிப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கன்டீன் பக்கம் இருந்து இரண்டு பிளேன்டியோடு வந்தார். ஒன்றை எனக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் அதைக் குடித்தேன்.

திங்கட்கிழமை வந்தபோது நிலையத்தில் செய்தி எழுதித் தயாராக இருந்தது. எங்கள் அறிவிப்பாளர் தன் உயிரையும் பாராமல் போய் நேயர் இருவரைக் காப்பாற்றினார் என்று. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, கவனியுங்கள். பொறுப்பாளர் சொன்னார்: "நிலையத்தின்ர பிழையைச் சொன்னால் சனம் எங்களை நம்பாது. நம்பாவிட்டால் நாளைக்கு வெள்ளம் வருகுது எண்டாலும் கேட்காது." அந்தப் பயம் பொய்யான பயம் அல்ல. நான் அவரிடம், பிழையை நான் சொல்வதற்கு அனுமதி தராவிட்டால் அந்தச் செய்தியில் என் பெயரும் வரக்கூடாது, இன்றோடு நிகழ்ச்சியும் வேண்டாம் என்றேன். அவர் அன்றைய நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிசம்" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில், நாங்கள் சொன்னது பிழை, தேனீச் சத்தத்தை நம்பவேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போகவில்லை. ஒருவர் எடுத்தார். "மிஸ், அந்தத் தேனீ நிகழ்ச்சி பிழையெண்டு சொன்னத நானும் கேட்டன். அது சரி, அந்தச் சத்தத்த எனக்கொருக்கா அனுப்புங்களன், யானை ஓடும்தானே?" அவர் கேலி செய்யவில்லை. திருத்தத்தையும் கேட்டிருக்கிறார், பழைய செய்தியையும் நம்பிக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒரே மனதில் சண்டையில்லாமல் இருந்தன.

அப்போதுதான் மனித மனத்தைப் பற்றிய ஆய்வுகள் பக்கம் போனேன். இந்த முறை கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தேன். பிழையென்று சொல்லி ஏற்றுக்கொண்ட பிறகும், முதலில் கேட்ட செய்தி மனிதரின் தீர்மானங்களில் தொடர்ந்து வேலை செய்கிறது என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். வேலிக்கு முன்னால் கால் அசையாமல் நின்றேனே, அதற்கும் இதுதான் விளக்கமாக இருக்கலாம். வெறுமனே "அது பிழை" என்றால் மனதில் ஒரு வெற்றிடம் வரும். வெற்றிடத்தோடு இருக்க முடியாமல் மனம் பழையதையே எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் வேறொரு காரணத்தைக் கொடுத்தால் திருத்தம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கொஞ்சம் கூடுதலாக என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை நான் இந்தமுறை வெட்டவில்லை.

ஆகவே மறுபடியும் செய்தோம். முழுதாக ஐந்து நிமிடம். யானை சத்தத்துக்கு விலகவில்லை, கொட்டுக்கு விலகியது. கொட்டு வராது என்று அறிந்ததும் வந்தது என்று சொன்னோம். அதை நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபரீதா சொன்னார். நான் கேட்பதற்கு வெட்கப்பட்டேன், அவராகத்தான் முன்வந்தார்.

"மொத தரம் அவன் பயந்தான். ரெண்டாந்தரமும் பயந்தான். மூனாந்தரம் வேலிக்கு இஞ்சால வந்து நின்டு கேட்டான். நாங்க பெட்டரி சரியில்லன்டு நெனச்சம். அவன் எங்களப் படிச்சிக்கொண்டு இருந்திருக்கான். நாங்கதான் அவனப் படிக்கல்ல."

ஜூட் அதில் ஒரு விநாடியைக்கூட வெட்டவில்லை.

அது எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த சில வாரங்களில் மூன்று பேர் எடுத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் எடுக்கவில்லை. பழைய கிளிப் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். எந்த வேலிக்கரையில், யார் அதை நம்பிக் கீழே படுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு மழைக்காலம் வந்தால் எனக்கு இன்னும் வருகிறது. பத்திரிகையில் யானை என்ற சொல்லைக் கண்டால் ஊர்ப் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன். இந்தப் பயம் போகவேண்டும் என்று நான் இப்போது விரும்புவதில்லை. உங்களுக்கும் இது கொஞ்சம் இருக்கட்டும். எழுதி முடித்ததும், இதை ஒருவர் அப்படியே நம்பி இன்றைக்குப் பின்னேரம் செய்தால் அவருக்கு என்ன ஆகும் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். கணவாயைப் பற்றி எழுதினாலும் கேளுங்கள்.

ஃபரீதாவை நான் இன்றும் போய்ப் பார்ப்பதுண்டு. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். கொட்டிலைச் சீமெந்துத் தூண் வைத்து உயர்த்திக் கட்டி, தாழ்வான படிகள் வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற கையோடு ஒருநாள் போயிருந்தபோது, கச்சான் உடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மிஸ், ஆனைகள் ஒன்டுக்கொன்டு பேர் சொல்லிக் கூப்பிடுதாமே? மகன் ஃபோன்ல காட்டினான். உண்மையா?"

"ஆபிரிக்காவில பதிவு செய்த குரல்களை வச்சு அப்படிச் சொல்லியிருக்கினம் அம்மா. ஒவ்வொரு யானைக்கும் தனியா ஒரு கூப்பிடு சத்தம் இருக்கலாமெண்டு. நான் இன்னும் முழுக்க வாசிக்கேல்ல. எங்கட யானைகளுக்கு எப்படியெண்டும் தெரியாது. வாசிச்சிட்டு வந்து சொல்றன்."

"அப்ப அதுவரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றார். இன்னும் இரண்டு கச்சான் உடைத்தார். பிறகு காட்டுப் பக்கம் பார்த்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தா, அவன் ஏன் மிஸ் தனியாத் திரியிறான்?"

அடுத்த வாரம் அந்தக் கட்டுரையை முழுவதும் வாசித்தேன். அதில் அவருடைய கேள்விக்குப் பதில் இல்லை. போய் அப்படியே அவரிடம் சொன்னேன்.